இயந்திரக் கையைச் செய்தவர் பெயர்

என் உயிரான வீட்டுக்காரருக்கு,

நேற்று நம் லயத்து வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தாள். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவின் மகள் ஸரீனா. கம்பஸில் இயந்திரக் கைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். கொண்டு வந்த ஆங்கிலப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். தேயிலை பெக்டரிக்குப் பின்னால் பழைய இரும்பிலும் சைக்கிள் செயினிலும் நீங்கள் செய்தீர்களே, கொழுந்து பறிக்கும் கை, அது படமாக இருந்தது. என் இடது கையைப் பார்த்துப் பார்த்துச் செய்ததல்லவா? அதேபோல மடங்கியிருந்தது.

மேலே இருந்த பெயர் நம் பெக்டரியில் வேலை பார்த்த இஞ்சினியர் ஐயாவுடையது.

"இப்ப உலகம் பூரா இதத்தான் ஆராயுறாங்க பாட்டி. ஒருத்தர் கட்டுரையப் பாத்து இன்னொருத்தர் எழுதுவாங்க. எல்லாத்துலயும் அவர் பேருதான்."

"களவாணிப்பய," என்றேன்.

"கடைசி வரியக் கேளுங்க. இதைச் செய்த, பெயர் தெரியாத தோட்டத் தொழிலாளிக்கு நன்றின்னு போட்டிருக்கு. அதப் படிச்சுத்தான் தேடி வந்தேன்."

உங்கள் கருமாதி முடிந்த மறுநாள் அந்த இஞ்சினியர் நீங்கள் செய்த கையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாரே, அது நினைவுக்கு வந்தது. "இத செஞ்சது யாரு?"

"எங்க வீட்டுக்காரருதாங்க."

பேரைக் கேட்டார். புருஷன் பேரை நான் எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன். போய்விட்டார். ஆபீசில் செக்ரோல் பேர்ப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்தக் கோபம் எனக்குச் சாகும்வரை ஆறாது. ஆனால் பாதிக் குற்றம் என்னுடையதா? இராத்தூக்கம் இல்லாமல் கேட்கிறேன், சொல்லுங்கள்.

ஸரீனாவின் கட்டுரை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. "பேரு கெடைக்காட்டி நானும் இஞ்சினியர் பேரத்தான் போடணும் பாட்டி. தாத்தா பேரு என்ன?"

பக்கத்தில் இருந்த நம் மகள் வாயைத் திறந்தாள்.

"நீ பேசாத. அன்னிக்கு நான் சொல்லாம விட்டது, நானே சொல்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து என் நாக்கு தொடாத பெயர். அந்தப் பிள்ளை பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நீங்கள் கோபித்துக்கொள்வீர்களோ என்றுகூட நினைத்தேன்.

"வீரன் மகன் கருப்பையா."

மகள் அழுதுவிட்டாள். ஸரீனா எழுதிக்கொண்டு, சரியா என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். இரண்டாம் தரம் சத்தமாகவே வந்தது.

அச்சாகி வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஹாலிஎலயில் இருக்கிற இஞ்சினியர் ஐயா வீட்டுக்குப் போவேன். அவர் முகத்துக்கு நேரே உங்கள் பெயரைச் சொல்வேன். இந்தத் தடவை தலை குனிய மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
வீரன் கருப்பையாவின் பெண்சாதி, இடக்கைக்காரி