பாதி இழுத்த குமிழ்

கண்டி
09.06.2024

அன்புள்ள ஷிராணி,

நீ போனை எடுக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

நம் மகன் கிஷானின் முதலாண்டு நினைவுப் பூசையில் நான் ஓர்கன் வாசிக்கும்போது எழுந்து போய்விட்டாய். நற்கருணை நன்மை வாங்கக்கூட நிற்கவில்லை. “ஓர்கன் பழுதாப் போச்சா கிறிஸ்ரி?” என்று ஃபாதரே கேட்டார். பழுதில்லை. ஓர்கனில் குழாயைத் திறக்கும் குமிழை முழுதாக இழுத்தால் குழாய் பாடும். பாதி இழுத்தால் வெறும் காற்று வரும், அடியில் ஒரு சுரம் முனகும். ஒரு வருஷமாக யாருமில்லாத கோயிலில் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்று பூசையிலும் அதையே வாசித்தேன். கோபமா?

கிறிஸ்ரி

பிலிமத்தலாவை
17.06.2024

அன்புள்ள கிறிஸ்ரிக்கு,

அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலை. உங்களை விசாரித்தார்.

கோபம்தான். டெங்கு முற்றிப் பிள்ளை ஆசுபத்திரியில் கிடந்தபோது கட்டிலருகே இருந்த சுவாச மெஷின் அப்படித்தான் மூச்சு விட்டது. ஊரே ஓர்கன் பழுது என்று நினைத்தது, எனக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். எல்லார் முன்னாலும் வாசிக்க எப்படி மனசு வந்தது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

ஷிராணி

கண்டி
24.06.2024

அன்புள்ள ஷிராணி,

கேட்டால் வேண்டாம் என்பாய் என்று பயந்தேன். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போவதில்லை. குழாயில் வரும்போது மட்டும் காதுக்குள் அடங்குகிறது. ஆனால் எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. கையை எடுத்தால் வெட்டியதுபோல நிற்கிறது. அது பிழை என்று மட்டும் தெரிகிறது. சனிக்கிழமை கோயிலில் யாரும் இருக்கமாட்டார்கள். ஒருமுறை வந்து கேள். அப்படியே வீட்டுக்கும் வந்துவிடு. நீ இல்லாமல் முடியவில்லை ஷிராணி.

உன் கிறிஸ்ரி

பிலிமத்தலாவை
03.07.2024

அன்புள்ள கிறிஸ்ரிக்கு,

முடிவு உங்களுக்குத் தெரியாது. இனிப் பயனில்லை என்று டொக்டர் சொன்னதும், “தேத்தண்ணி வாங்கிட்டு வாறேன்” என்று வெளியே போய்விட்டீர்கள். “நிப்பாட்டவா மிஸிஸ்?” என்று அவர் கேட்டபோது தலையாட்டியது நான் மட்டும்தான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, ஓர்கனை அல்ல.

மெஷின் நின்றதும் அவன் நின்றுவிடவில்லை. நெஞ்சு தானாகக் கொஞ்சம் எழும்பியது. பிறகு சிறுத்துச் சிறுத்து அடங்கியது. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதனால் சுரக் கட்டைகளிலிருந்து கையை எடுக்காதீர்கள். அழுத்தியபடியே ஓர்கனின் காற்று மோட்டாரை நிறுத்துங்கள். உள்ளே மிஞ்சிய காற்று தீரும்வரை குழாய் ஒலிக்கும் அல்லவா? அதுதான் முடிவு.

என்னைக் கூப்பிடாதீர்கள். அந்தச் சத்தத்தோடு அந்த ஆசுபத்திரி அறைக்குள் இரண்டாம் தரம் வர என்னால் முடியாது. இந்த முறை நீங்கள் உள்ளே இருங்கள், கடைசிவரை இருங்கள். இருந்து முடித்த பிறகு இங்கே வாருங்கள். அதற்கு முன் வராதீர்கள்.

ஷிராணி