பின்சீட்

அம்முவுக்கு,

உன் கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று உன் அக்கா போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நான் பைக்கில் வந்து உன்னைக் கூட்டிப்போக வேண்டுமாம். உன்னைப் பின்னால் ஏற்றிவர எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தனியாக ஓட்டுவதில் பயமில்லை. தினமும் லேபுக்கு ரத்த சாம்பிள் பெட்டியோடு ஊரையே சுற்றுகிறேன். நேற்று எங்கள் டெக்னீஷியன், "அண்ணே, பஸ் ஸ்டாப்ல இறக்கி விட்டுடுங்க" என்று பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி அவர் கனத்தில் அமுங்கியதுமே ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ரோட்டைப் பாருங்கண்ணே, நான் எங்கயும் போயிடல."

பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, டயரில் காற்று இல்லை என்று பொய் சொல்லி இறக்கிவிட்டேன்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. நாம் வண்டியோடு விழுந்த அன்றைக்கு நாய் குறுக்கே வந்தது என்று உன்னிடம் சொன்னேன். உன் அப்பா என்னைத் திட்டியபோது நீ அதையே சொல்லி எனக்காகச் சண்டை போட்டாய். நாய் எதுவும் வரவில்லை, அம்மு. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த அசதியில் கண் மூடிவிட்டது. என் இடுப்பிலிருந்து உன் கை விலகியபோதுதான் விழித்தேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாயோ என்று பயமாக இருக்கிறது. பரவாயில்லை, வண்டியிலேயே போகலாம் என்று சொல்லிவிடுவாயோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

உன் வீட்டுக்காரன்