நீங்கள் கழுவிக் கட்டிய தயிர் கவர்கள்

அக்கா,

இன்று மதியம் ஆபீஸ் சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்ததும் புளித்த தயிர் வாடை முகத்தில் அடித்தது. மூன்று நிறக் கூடைகளும் வழிந்துகொண்டிருந்தன. பச்சைக் கூடையில் பிளாஸ்டிக் கரண்டி, நீலத்தில் மீன் முள், சிவப்பில் யாரோ பாதி தின்ற சோறு. நீங்கள் இருந்தவரை அந்த அறையில் வாடை என்று ஒன்று இருந்ததில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவளுக்கு அப்படி வந்ததே வெட்கமாகிவிட்டது. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

அரிசி ஏற்றுமதி செய்யும் நம் கம்பெனி உறுதிமொழி ஏற்ற நாள் நினைவிருக்கிறதா? இந்த வளாகத்திலிருந்து ஒரு பிடி குப்பைகூட மண்ணுக்கோ தண்ணீருக்கோ போகாது என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினோம். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் திரையில் படம் காட்டிப் பேசப் பேச நாங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் துடைப்பத்தோடு நின்ற நீங்கள்தான் கேட்டீர்கள்: “சார், இப்படிப் பிரிச்சுப் போடுறதெல்லாம் கடைசியில எங்கங்க போவும்?”

அவர் என்னைப் பார்த்தார். நிர்வாக அலுவலர் நான்தானே. “அத உருக்கி வேற சாமான் செய்வாங்க அக்கா” என்றேன். அன்று அது பொய்யில்லை. நானும் நம்பித்தான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து உங்களுக்கு அதுவே வேலையானது. நாங்கள் எதை எதில் போட்டாலும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கூடைகளைக் கவிழ்த்து, கையால் பிரித்தீர்கள். தயிர் கவர்களை ஒவ்வொன்றாகக் கழுவி, பின்கட்டுக் கொடியில் உலர்த்தி, கோடவுனில் சாக்கு தைக்கும் நீல நூலால் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தீர்கள்.

“என்னக்கா, நாத்து முடி மாதிரியே இருக்கு?”

“இருவது வருசம் நாத்து கட்டுன கை மேடம். வேற முடிச்சு வராது” என்று சிரித்தீர்கள்.

இரண்டாவது மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரித்து வைத்த மூட்டைகளைக் குப்பை வண்டிக்காரர் ஒன்றாகக் கலந்து ஏற்றுவதைப் பார்த்துக் கேட்டேன். “எல்லாம் ஒரே எடத்துலதான் மேடம் கொட்டுறோம், வாய்க்கா கரையில” என்றார், ஒளிவுமறைவே இல்லாமல். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். “ஆடிட் முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்.” மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்குப் போகும் படிவத்தில், மறுசுழற்சிக்கு அனுப்பப்பட்டது என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை கை தயங்கியது. பிறகு தயங்கவில்லை.

ஆடிட்டுக்கு வந்தவர்கள் உங்கள் கொடியைப் படமெடுத்தார்கள். நம் கிளைக்கு விருது கிடைத்தது. மேடையேறி வாங்கியது மேனேஜரும் நானும். கம்பெனி காலண்டரில் உங்கள் படம் வந்தது. முகம் இல்லை, தயிர் கவர் கழுவும் இரண்டு கைகள் மட்டும். “என் கைதான் மேடம் இது” என்று ஒவ்வொரு மேசையாகக் காட்டினீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனியில் குறுவைக்குத் தண்ணீர் வந்தது. மறுநாள் காலை என் மேசையில் ஈரம் சொட்டும் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தீர்கள். சேறு அப்பியிருந்தது. நீல நூல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“எல்லாரு வயலுக்கும் தண்ணி ஏறுது, எங்க ரெண்டு மா வயலுக்கு மட்டும் ஏறல. மடையில கைய வுட்டுப் பாத்தா இதுதான் வருது மேடம். நாலு கட்டு அடைச்சுக்கிட்டிருக்கு. என் முடிச்சுதானே இது?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதே அக்கா” என்றேன்.

“அதானே. தெரிஞ்சா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா? இருங்க, அந்த டிரைவர நானே கேக்குறேன்.”

உங்களைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியை மறித்துக் கைநீட்டிப் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று என் காதில் விழவில்லை. டிரைவர் தலையைச் சொறிந்தார். பிறகு என் ஜன்னலைக் கைகாட்டினார். நீங்கள் திரும்பினீர்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

நீங்கள் வந்து சண்டை போடுவீர்கள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் கவர்களைக் கழுவினீர்கள். ஆனால் கட்டுகளை வண்டிக்குக் கொடுக்காமல், ஒரு பையில் போட்டுச் சாயங்காலம் நீங்களே பழைய பேப்பர் கடைக்கு எடுத்துப் போனீர்கள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்றேன்.

“குடுங்கக்கா, நான் தூக்கிட்டு வர்றேன்.”

“வேணாம் மேடம். கனமில்ல.”

பஸ் வந்ததும் பையோடு ஏறிக்கொண்டீர்கள்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று லீவு சொன்னீர்கள். ஒன்பதாம் நாள் செய்தி வந்தது. கம்பெனி மாலையோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அம்மா எப்பவும் உங்க பேச்சுதான் மேடம். பெரிய வேலையில இருந்தாலும் வாய் நெறய அக்கான்னு கூப்புடுவாங்கன்னு சொல்லும்.” வீட்டில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை நீங்கள். அந்தப் பெண்ணின் கைக்குள்ளிருந்து என் கையை எப்படி எடுப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அடுத்து வந்த படிவத்தில், குப்பை முழுவதும் வாய்க்கால் கரையில்தான் கொட்டப்படுகிறது என்று எழுதி அனுப்பினேன். “இப்ப யாரு ஒங்களக் கேட்டா?” என்று மேனேஜர் கத்தினார். குப்பை ஒப்பந்தக்காரரை மாற்றினார்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இதைத் தைரியம் என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். இனி உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்று ஆனபிறகு செய்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மாவுக்குத் தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

“உசுரோட இருந்தப்ப அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம். அது ஒண்ணும் சொல்லியிருக்காதே.”

அவள் திட்டியிருந்தால் பாரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருப்பேனோ என்னவோ. சொல்லாத அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். ஆனியிலிருந்து ஐப்பசி வரை தினமும் காலையில் என் அறைக்கு வந்து, என் காலடியில் குனிந்து தரையைத் துடைத்துவிட்டுப் போனீர்கள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. ஒரு நாளாவது தலையைத் திருப்பியிருக்கலாம்.