கிளாவர் ஏழு

12-3-1963, செவ்வாய்

என் செல்லுலாய்டு சீப்பை இன்று வேண்டுமென்றே உடைத்தேன். பல் இல்லாத பக்கத்தைக் கத்தரியால் முக்கோணமாக நறுக்கி, முனையை அம்மிக்கல்லில் தேய்த்து ஒரு பிக் செய்தேன். கிடார்க் கம்பியை மீட்டுகிற வில்லைக்குக் கொழும்பில் எனக்குக் கற்றுக்கொடுத்த மிஸ் அப்படித்தான் சொல்வார். பிக்.

அவர் கொடுத்ததுதான் போன வெள்ளி வரை என்னிடம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது. அதற்கு என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிவிட்டு, அப்படியும் ஆத்திரம் தீராமல், அலமாரியில் இருந்த பிக்கை எடுத்து என் கண் முன்னால் அடுப்பில் எறிந்தார் என் வீட்டுக்காரர். புஸ்ஸென்று ஒரே சுடர். "கூத்தாடிச் சாமானுக்கு இம்புட்டுத்தான் ஆயுசு" என்றார். கிடாரை ஏனோ விட்டுவிட்டார். கல்யாணச் சீராக வந்த பொருள், அப்பா கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றிருக்கலாம்.

சீப்புத் துண்டு வழுக்குகிறது. வியர்த்தால் விரலுக்குள் சுற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு மீட்டலுக்கும் 'டிக்'கென்று நகம் கடிக்கிற சத்தம் வேறு. செவ்வாயும் வெள்ளியும் அத்தை, இவரைப் பெற்றவர், பத்திரகாளி கோயிலுக்குப் போகிற ஒரு மணி நேரம்தான் எனக்கு. நல்ல சத்தம் வேண்டாம். சின்னச் சத்தம் வேண்டும்.

15-3-1963, வெள்ளி

மாட்டுக்கொம்புச் சீப்பு ஒன்று வாங்கி அதையும் பலி கொடுத்தேன். இரண்டு நாள் தேய்த்தேன். விரலில் வைத்ததும் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு, கூடவே பிறந்தது போல உட்கார்ந்துகொண்டது. வியர்வைக்கு வழுக்கவில்லை. தடித்த கம்பியில் ஒரு தட்டு - அறையே அதிர்ந்தது!

அதுதான் வினை. நாலாவது தட்டில் பக்கத்து வீட்டு மதினி சுவர்வழியே, "காந்தம், உன் வீட்டுக்காரரு ஜெயச்சந்திரன் வந்தாச்சா? ரேடியோ பாடுதே?" என்றாள். கொம்பைப் புடவைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

இவ்வளவு பிடித்த ஒன்றை இவ்வளவு சீக்கிரம் ஒளித்துவைத்தது இதுதான் முதல் தடவை.

19-3-1963

கொட்டாங்கச்சி: வெடிக்கிறது, கம்பியைப் பிறாண்டுகிறது. பழைய செருப்புத் தோல்: சத்தமே இல்லை, ஆனால் கம்பியில் மாட்டி மாட்டி நிற்கிறது, சேற்றில் நடப்பது போல. இவருடைய அச்சுப் பிரஸ்ஸிலிருந்து வந்த தகட்டுத் துண்டு: ஒரே மீட்டலில் மெல்லிய கம்பி அறுந்து கன்னத்தில் அடித்தது. கன்னத்தில் ஏற்கெனவே இருந்த தடத்துக்குப் பக்கத்திலேயே.

அத்தை அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் எதையுமே கேட்பதில்லை. பார்த்ததையெல்லாம் மகனிடம் ஒப்பிக்கிறாரோ?

24-3-1963, ஞாயிறு

கல்கத்தாவிலிருந்து காலண்டர் ஆர்டர் கொடுக்கிற ஏஜெண்ட் சாப்பிட வந்திருந்தார். கூடத்தில் சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரரே கூப்பிட்டார். "கொழும்புல படிச்ச பொண்ணு, கிட்டார் வாசிக்கும். காந்தம், எடுத்துட்டு வா." கொம்பை எடுத்தேன். இரண்டு பாட்டு வாசித்தேன். அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். போகும்போது, "உங்க பிரஸ்ஸை விட உங்க சம்சாரம் பெரிய சொத்து" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் இவர் கை கூப்பி நின்றார். கதவைச் சாத்தினார். இடுப்பு பெல்ட்டை உருவினார்.

"அவன் பாக்கும்போது எதுக்குட்டி சிரிச்ச?"

நான் சிரிக்கவில்லை. சிரித்தேனா? வாசிக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கெப்படித் தெரியும்? பதினொன்று வரை எண்ணினேன். பக்கிள் இரண்டு தடவை எலும்பில் பட்டது. கொம்பைக் காலில் போட்டு மிதித்தார்.

26-3-1963

டாக்டரிடம் மாடிப்படியில் விழுந்தேன் என்றேன். இது மூன்றாவது தடவை. அவர் எழுதிக்கொண்டார்.

2-4-1963, செவ்வாய்

காலை பஸ்ஸில் விருதுநகருக்கு அப்பாவிடம் வந்துவிட்டேன். முதுகைக் காட்டினேன். அப்பா பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கொழும்புக் கலவரத்தில் கடையைக் கொளுத்தியபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய மனுஷர் இவர். இருபது வயசுப் பெண்ணை, பிள்ளையைத் தூக்குவது போல.

"அங்க அடிச்சவன் அந்நியன்னு ஓடியாந்தோம். இது உன் வீடும்மா. வீட்டை விட்டு எங்க ஓடுறது?" என்றார்.

3-4-1963

அப்பாவே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தது நான்தான்.

9-4-1963, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! சீட்டுக்கட்டுச் சீட்டு!

ஞாயிற்றுக்கிழமை இவர் சிநேகிதர்களோடு ரம்மி ஆடுகிற சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். கிளாவர் ஏழு. நாலாய் மடித்து மூலையை உருட்டி வெட்டினேன். மடிப்புக்குள் காற்று இருப்பதால் விரலுக்குப் பஞ்சு போல இருக்கிறது. கம்பியில் பட்டதும் வளைந்துகொடுக்கிறது. சத்தம் என் மடிக்கு வெளியே போகவில்லை. முக்கால் மணி நேரம் வாசித்தேன். எனக்கு மட்டும் கேட்டது.

ஐம்பத்திரண்டில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

23-4-1963, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக வருகிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

முந்தாநாள் ஞாயிறு. ஆட்டத்தின் நடுவில் ஒருவர் கிளாவர் ஏழுக்காகவே காத்திருந்து தோற்றிருக்கிறார். கட்டை எண்ணியிருக்கிறார்கள். "என்ன மொதலாளி, கள்ளக் கட்டா வச்சிருக்கீக?" என்று சிரித்தார்களாம். எல்லாரும் போன பிறகு இவர் அடுப்படிக்கு வந்தார். ரொம்ப நிதானமாக வந்தார். கையில் அந்த மடித்த சீட்டு. எங்கே தேடி எடுத்தாரோ.

"இதை எந்த விரல்லட்டி பிடிப்ப? காட்டு."

காட்டவில்லை. அவரே பிடித்துக்கொண்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். கதவு இடுக்கில் வைத்து உடம்பு முழுக்கச் சாய்ந்தான். ஆமாம், சாய்ந்தான். இனி அவனுக்கு ர் கிடையாது. விரல் முறிகிற சத்தம் காய்ந்த முருங்கைக்குச்சி போலக் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அவன் கதவைத் திறந்து மறுபடியும் சாத்தப்போனான். இன்னொரு தடவை! முறிந்த பிறகும்!

அப்போதுதான் அத்தை வந்தார். முற்றத்தில் மாவு இடித்துக்கொண்டிருந்தவர், உலக்கையோடு வந்தார். அவன் வலது முழங்கைக்கு மேலே ஒரே போடு. திரும்பினான். "ஆத்தா?" என்றான், சின்னப்பிள்ளை போல. இரண்டாவது போடு தோளில். விழுந்தான்.

"ஏலே, உங்கப்பன் அறைஞ்சு இந்தக் காது செத்து முப்பது வருசமாச்சு," என்றார் அத்தை, இடது காதைத் தொட்டு. "அன்னைக்கு எனக்காக அடிக்க யாருமில்ல. எந்திரி பாப்போம். எந்திரிச்சீன்னா மண்டை."

அவன் எழுந்திருக்கவில்லை. வாந்தி எடுத்தான். உலக்கை முழுக்க மாவு. அவன் சட்டையிலும் வெள்ளையாய் மாவு.

இன்னொன்று போடுங்கள் அத்தை - இதை நினைத்தேனா, சொன்னேனா? சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அத்தை என்னைப் பார்த்து, "போதும் தாயி. செத்துருவான்" என்றார். போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

டாக்டரிடம் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் கூட்டிப்போனார் அத்தை. "மருமக விரலை இவன் கதவுல வச்சு நசுக்குனான். நான் உலக்கையால போட்டேன். அப்படியே எழுதுங்க" என்றார். டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுதாமல் இருந்தார்.

30-4-1963

வீடு அத்தை பெயரில் இருக்கிறது, அவர் பிறந்த வீட்டார் கொடுத்தது. எனக்கு இது தெரியாது. அவனுடைய துணிமணியைப் பெட்டியில் அடுக்கி பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார். பிரஸ் மாடியில் ஒரு அறை இருக்கிறது.

ஊர் பேசுகிறது. பெற்ற மகனை அடித்தவள், பேய் பிடித்தவள். மதினி சுவர்வழியே பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்பா வந்து கூடத்தில் உட்கார்ந்தார். "ஊர் வாயை மூட முடியுமா அண்ணாச்சி? காபி குடிக்கீகளா?" என்று மட்டும் அத்தை கேட்டார். என் கையைப் பார்த்துவிட்டு அப்பா குடிக்காமல் போய்விட்டார்.

14-5-1963

அவன் வாசல் வரை வந்தான். கை இன்னும் கட்டுக்குள்தான். "பேச வந்தேன்" என்றான். அத்தை வாசல்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "அங்கனயே நின்னு பேசு." படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டான். போய்விட்டான்.

உள்ளே அத்தை ஒரு மணி நேரம் அழுதார். பெற்றவராயிற்றே. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அது அவருக்குத் தெரிந்தது, கோபிக்கவில்லை.

25-6-1963

கட்டுப் பிரித்தார்கள். கட்டைவிரல் பரவாயில்லை. ஆள்காட்டி விரல் பாதிதான் மடங்குகிறது, இனி அவ்வளவுதானாம். மெல்லிய பிக் எதுவும் அந்த இடைவெளியில் நிற்காது. கீழே விழுந்துகொண்டே இருக்கிறது. பதினேழு தடவை குனிந்து எடுத்தேன். பதினெட்டாவது தடவை சுவரில் விட்டெறிந்தேன். அத்தை எடுத்துவந்து கொடுத்தார்.

"கனமா ஏதும் விக்காதா? மதுரைல?"

6-8-1963, செவ்வாய்

மதுரைக்குப் போனோம். வாத்தியக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பிக்குகள் மட்டும் ஒரு தட்டு நிறைய. கடைக்காரர் ஒரு கிடாரைக் கொடுத்து, "வாசிச்சுப் பாத்தே எடுங்கம்மா" என்றார்.

முதலாவது மெல்லியது, நாக்கு போல வளைந்தது. என் விரலில் நிற்கவில்லை. இரண்டாவது நடுத்தரம். நின்றது, ஆனால் பிடிப்பதற்கே பாதிப் பலம் போயிற்று. மூன்றாவது முழுக் கனம், அகலம், மூன்று மூலையும் ஒரே அளவு. மடங்காத விரலின் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அசையவில்லை. தடித்த கம்பியில் தட்டினேன். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி தட்டினேன்.

"எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. இது நிக்குது."

"இதே ஜாதியில இன்னும் கனமா மேல இருக்கு, பாருங்க" என்று கடைக்காரர் என் தலைக்கு மேலே இருந்த பெட்டியை எடுக்க விறுக்கென்று கையைத் தூக்கினார். நான் தோளைக் குறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டேன். ஒரு நொடி. கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தால் அத்தையும் அதே மாதிரி. அறுபது வயசில், முந்தானையோடு சேர்த்துத் தலையைப் பிடித்தபடி.

கடைக்காரர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். "என்னம்மா ஆச்சு?"

அத்தை முதலில் தன் கையை இறக்கினார். அப்புறம் என் கையை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கிவிட்டார்.

"ஒண்ணுமில்லய்யா," என்றார். "பிரிச்சுக் காட்டுங்க. அவ வாசிச்சுப் பாக்கட்டும்."