வில்மாவுக்குக் கொழுப்பு ஆகாது

ஜனவரி 9

காலையில் வில்மா முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றாள். விளையாடக் கூப்பிடுகிறாள் என்று நானும் குனிந்து கை தட்டினேன். அசையவில்லை. பிறகு வாந்தி. வயிற்று வலி வந்தால் நாய்கள் இப்படித்தான் நிற்குமாம். ஒன்பது வருஷமாக வளர்க்கிறேன், எனக்கு இது தெரியவில்லை!

ஜனவரி 11

கால்நடை மருத்துவர் மோட் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கணையத்தில் நாள்பட்ட அழற்சி.

"முழுசாக் குணமாகாது. சாப்பாட்டாலதான் சமாளிக்கணும். கொழுப்பு ஆகவே ஆகாது. நவம்பர்ல ஒரு தடவை, இப்ப ஒரு தடவை. இன்னொண்ணு பலமா வந்தா தாங்குவாளான்னு என்னால சொல்ல முடியல."

உணவைச் செரிக்க வேண்டிய சாறு கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடுகிறதாம். தன்னையே தின்கிறது! பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பேருந்தில் வரும் வழியெல்லாம் இதே யோசனை. மற்ற நாட்களில் எது உணவு, எது நாம் என்று அந்தச் சாற்றுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஜனவரி 14

வேகவைத்த காட் மீன், உருளைக்கிழங்கு, கொழுப்பு எடுத்த பாலாடைக்கட்டி, மோட் கொடுத்த சத்துப் பொடி. நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக.

நகராட்சியின் தண்ணீர் ஆய்வகத்தில் காலமெல்லாம் மாதிரிகளைச் சோதித்தவள், புத்தி எங்கே போகும்? பழுப்புக் காகிதத்தைக் கிழித்து, வில்மா வாயில் போகும் ஒவ்வொன்றையும் அதில் வைத்து அழுத்தினேன். கொழுப்பு இருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். மீன்: ஈரம் காய்ந்ததும் கறை இல்லை. பிஸ்கட்: கறை. பல் சுத்தம் செய்யும் குச்சிகூடக் கறை! மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் ஈரல் விழுதை வைத்தேன். காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மாத்திரை கொடுப்பது என் கணவன் சிக்ஸ்தென்னின் வேலை.

"அடப்பாவமே, இதைத்தானே மாசக்கணக்கா ஊட்டிட்டிருந்தேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

இனி மாத்திரை மீனுக்குள்.

ஜனவரி 16

மலம் கெட்டி, பழுப்பு, அழகான உருவம். சிக்ஸ்தென்னைக் கூப்பிட்டேன். "காபி குடிச்சிட்டு வரேன். அது எங்கயும் ஓடிப் போயிடாது" என்கிறான்.

ஜனவரி 20

அக்கா குட்ரூன் போன் செய்தாள். ஏப்ரலில் இடுப்பு அறுவை சிகிச்சை. ஒரு வாரம் வந்து கூட இருக்க முடியுமா என்று கேட்டாள். கேட்கிற ஆளே இல்லை அவள்.

"நாயை சிக்ஸ்தென் பாத்துக்க மாட்டானா?"

அவனா? வில்மா தன் தாடி முகத்தைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தால் தன் தட்டையே இறக்கி வைத்துவிடுவான். அவனை நம்பி எப்படி விட்டுவிட்டுப் போவது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 22

மறுபடி. விடிந்ததும் வாந்தி, நடுக்கம். அள்ளிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு கட்டி, அதில் ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்புத் தோல். சூரியகாந்தி விதையின் தோல். கட்டியைக் காகிதத்தில் அழுத்தினால் கறை பரவிக்கொண்டே போகிறது.

சூரியகாந்தி விதை போட்ட ரொட்டியில் விரல் தடிமனுக்கு வெண்ணெய் தடவித் தின்பவன் இந்த வீட்டில் ஒருவன்தான்.

"ரொட்டி குடுத்தியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. இதோ விதை."

"குடுக்கலைன்னா குடுக்கலதான்."

"அப்ப அது தானா நடந்து வந்து அவ வாய்ல விழுந்துதா? நீ அவளைக் கொல்லாம விடமாட்டே!"

சொல்லிவிட்டேன். கோட்டை மாட்டினான். காரை எடுத்தான். வில்மாவை நான் மடியில் வைத்துக்கொண்டேன். மோட் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தாளாம். வீடு வந்ததும் அவன் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான்.

ஜனவரி 23

பின்னறையில் படுத்துக்கொள்கிறான். படுக்கட்டும். நான் என்ன இல்லாததையா சொன்னேன்?

ஜனவரி 24

வில்மா இரண்டு கரண்டி மீன் தின்றாள். வாலை ஆட்டினாள்!

அவன் கடைக்குப் போயிருந்தபோது ரொட்டியை எடுத்து உதிர்த்துப் பார்த்தேன். எப்போது கொடுத்தான், எவ்வளவு கொடுத்தான் என்று தெரிய வேண்டாமா? விதையெல்லாம் வெளுப்பு. தோல் உரித்த பருப்பு. இன்னொரு துண்டையும் உதிர்த்தேன். ஒரு கறுப்புத் தோல்கூட இல்லை.

அடி மக்கு! ரொட்டியில் யாராவது தோலோடு விதை போடுவார்களா?

அப்படியானால் தோலோடு இருக்கும் விதை எங்கே? தலையைத் தூக்கினேன். சன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரம். பறவைகளுக்காக டிசம்பரில் கட்டித் தொங்கவிட்ட மாட்டுக்கொழுப்பு. சிக்ஸ்தென் விதை கலந்தான். உருக்கிப் பால் அட்டைப்பெட்டிகளில் ஊற்றி உறைய வைத்தது நான். கட்டியதும் நான். ஒரு மரங்கொத்தி கொத்திக்கொண்டிருந்தது. கொத்தக் கொத்த வெள்ளைத் துணுக்குகள் பனியில் உதிர்ந்தன. மரத்தடி முழுக்க வில்மாவின் கால் தடம், மூக்கு குத்திய குழிகள்.

அவள் தட்டில் துளிக் கொழுப்பைத் தேடிக்கொண்டிருந்த நான், கிலோக் கணக்கில் தோட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் விடை கிடைத்ததும் ஒரு நொடி எவ்வளவு சந்தோஷம், அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவன் வந்ததும் எல்லாவற்றையும் காட்டினேன்.

"உன்மேல சந்தேகப்பட்டது தப்பு. கொல்லாம விடமாட்டேன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு."

கடைப்பையைக் கீழே வைத்தான்.

"ரெண்டாவதுதான் தப்பு. முதலாவது பரவால்ல. என் லட்சணம் எனக்குத் தெரியாதா?"

ஏணியை எடுக்கப் போனான். நாளை நாடு முழுக்க வீட்டுத் தோட்டத்துப் பறவைகளை எண்ணும் நாள். வருஷமெல்லாம் இதற்காகவே காத்திருப்பான்.

"எண்ணி முடிச்சிட்டு எடுத்துக்கலாமே. அதுவரைக்கும் அவளைக் கயித்துல கட்டியே கூட்டிப் போறேன்" என்றேன்.

"கயிறு ஒரு தடவை நழுவினாப் போதும்" என்று ஏறிவிட்டான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மரத்தடிப் பனியை இருவருமாகச் சுரண்டி அள்ளினோம். கொழுப்புக்குப் பதிலாகக் கிளையில் ஒரு கட்டு ஓட்ஸ் கதிரைக் கட்டினான்.

ஜனவரி 25

மூன்று பட்டாணிக்குருவி. மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டன. போன வருஷம் எண்ணி மாளவில்லை.

"அவங்க வீட்டுதையும் சேத்துப் போட்டுக்கோயேன்" என்றேன்.

"சீ, உள்ளதைத்தான் எழுதணும்" என்று மூன்று என்றே அனுப்பினான். இரவு பின்னறைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 18

மறுபடி அந்த நிற்பு. மாத்திரை, கொஞ்ச நேரப் பட்டினி, சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டாள். நேற்றுப் போட்ட எல்லாவற்றையும் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். கறை இல்லை. மரத்தடியிலும் ஒன்றும் இல்லை. காரணமில்லாமலும் வரலாம் என்கிறார் மோட். காரணமில்லாமல் எப்படி வரும்? நமக்குத் தெரியாத காரணம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவனே ஆரம்பித்தான்.

"நான் எதுவும் குடு—"

"தெரியும்."

மார்ச் 8

வில்மாவின் எடை கூடியிருக்கிறது. இப்போதெல்லாம் மீனை ஒதுக்கிவிட்டு உருளைக்கிழங்கைத்தான் முதலில் தின்கிறாள். ஏன்?

மார்ச் 29

குட்ரூனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு என்னென்ன சொல்லிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், எல்லாம் அவனுக்கே தெரிந்திருக்கிறது. மீன்முள் எடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

ஏப்ரல் 17

குட்ரூன் வீட்டில் நான்காம் நாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஊன்றுகோலால் என்னை விரட்டுமளவுக்குத் தேறிவிட்டாள்.

மதியம் சிக்ஸ்தென் போன் செய்தான். ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டதாம். நாரைகள் வந்து இறங்கியிருக்கின்றனவாம். எங்கள் படகுக்கு இந்த வருஷம் பச்சை வண்ணம்தான் அடிப்பானாம், நான் வேண்டாம் என்றேன், சண்டை போட்டோம். குட்ரூன் மருத்துவமனை சூப்பைக் குறை சொன்ன கதையைச் சொன்னேன், சிரித்தான். நடுவில் வில்மா குரைத்தது கேட்டது.

போனை வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன். பாதியில்தான் நினைவு வந்தது. வில்மா என்ன தின்றாள் என்று நான் கேட்கவே இல்லை. மறந்தே போயிருக்கிறேன்.

எழுந்து போன் வரைக்கும் போனேன். எடுக்காமல் திரும்பி வந்து மிச்சக் கிழங்கையும் உரித்து முடித்தேன்.