வழிமறிக்கிறேன்

வயலுக்குப் போகும்போதெல்லாம் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு போன என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். நம் வாய்க்கால் பாசன சங்கத்துக்குத் தலைவர் மாறியாச்சு! ஆமாம்ப்பா, இறங்கியது அவரேதான். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அதே மனுஷன்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். எந்த நாட்டிலோ ஜனங்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்ததை டிவியில் காட்டியபோது, "நமக்கெதுக்குத்தா இந்த வம்பு" என்று சேனலை மாற்றியவர்தானே!

வருஷா வருஷம் பொதுக்குழுவில் யாராவது அவர் பெயரை முன்மொழிவார்கள். உடனே நீங்கள் எழுந்து "வழிமொழிகிறேன்" என்பீர்கள். கைதட்டல், ஆளுக்கொரு கரண்டி கேசரி, தேர்தல் முடிந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் வயலுக்கு மட்டும் மடை திறக்காது. ஊரில் நம் வீட்டுக்கே 'வழிமொழியார் வீடு' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கேலி செய்தபோது உங்கள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உங்களிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

இந்தப் போகம் லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீர் இறங்கியும் கடைமடைக்கு வந்து சேரவில்லை. வழிமொழியார் வீடாயிற்றே, நம் வயலில் தண்ணீர் நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஜமீலா அக்கா வயல் வெடித்துக் கிடந்தது. முறையாக ஓட்டுப் போட்டுத் தேர்தல் வையுங்கள் என்று போன வருஷம் கேட்டவள் அவள். அதுதான் அவள் செய்த குற்றம்.

கருகிய நாற்றை மடியில் கட்டிக்கொண்டு கம்பம் ரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே பெண்கள், அப்புறம் ஆண்கள். மூன்று நாள் மறியல். நான் போகவில்லை அப்பா. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். "மறிப்போம்! மறிப்போம்!" என்ற சத்தம் மட்டும் சமையல்கட்டுவரை வந்துகொண்டே இருந்தது.

கொதிப்பை அடக்கத் தலைவர் பொதுக்குழுவைக் கூட்டினார். முந்தின நாள் அவருடைய ஆள் நம் வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, ஒங்கப்பா எடத்துல இருந்து நீதான் வழிமொழியணுமாம். அய்யா சொல்லிட்டாக."

நட்ட பயிர் வேர்பிடிக்கிற நேரம். தண்ணீரை நிறுத்திவிட்டால் என்ன செய்வேன்? தலையாட்டிவிட்டேன்.

மண்டபத்தில் அவர் பெயரை முன்மொழிந்ததும் மைக் என் கைக்கு வந்தது. வாயைத் திறந்தால், "வழிமறிக்கிறேன்" என்று வந்துவிட்டது!

சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை. மூன்று நாள் கேட்ட சத்தம் நாக்கில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். "ஏத்தா, வழிமொழியுறேன்னு சொல்லுத்தா" என்று தலைவர் மேடையிலிருந்து எடுத்துக்கொடுத்தார். அப்போதுதான் பின்வரிசையில் ஜமீலா அக்கா குபீரென்று சிரித்தாள்.

"அவ சரியாத்தான் சொல்லிருக்கா! செல்வி, மாத்தாத! அங்கனயே நில்லு!"

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அந்த மனுஷரைப் பார்த்து ஊர் சிரித்து நான் கண்டதே இல்லை. ஒவ்வொருவராக எழுந்து "நானும் வழிமறிக்கிறேன்" என்றார்கள். கேசரி கிண்டிக்கொண்டிருந்தவர்கூடக் கரண்டியோடு ஓடிவந்து சொன்னார். நான் மைக்கைப் பிடித்து இன்னொரு தடவை சொன்னேன். அந்தத் தடவை தெரிந்தே சொன்னேன் அப்பா.

அடுத்த வாரம் சீட்டில் பெயர் எழுதிப் போட்டு ஓட்டெடுத்தோம். ஜமீலா அக்கா தலைவி. மடை ஷட்டர் சாவி என் பொறுப்பு. கடைமடைக்குத் தண்ணீர் வந்த அன்று அக்கா சேலையோடு வாய்க்காலில் இறங்கி நின்று அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது ஒரு சிக்கல். "பழைய தலைவரு வயலுக்கு ஒரு போகம் மடைய அடைச்சுப் போடு, அப்பத்தான் அவுகளுக்கும் தெரியும்" என்று ஊரே என்னை நெருக்குகிறது. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அக்காவிடம் கேட்டேன். "சாவி ஒங்கிட்டதான இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் உங்களை நினைத்தேன். பொதுக்குழு முடிந்து வந்தால் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வீர்களே, அது வெட்கமா? எங்கள் சோற்றுக்காகத்தான் எழுந்து நின்றீர்களா? ஒரு தடவையாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டிருக்கலாமே நான். மன்னித்துவிடுங்கள் அப்பா.

நாளைக் காலை பழைய தலைவர் வயலுக்குத் தண்ணீர் முறை. நானே போய் மடையைத் திறந்துவிடுவேன். இந்தச் சாவி என்னிடம் இருக்கிறவரைக்கும் தண்ணீருக்காக எந்த அப்பாவும் யாருக்கும் எழுந்து நிற்க வேண்டாம். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

உங்கள் கோபக்கார மகள்,
செல்வி