வெளியாளுக்கு விற்கும் முன்

ராஜபாளையம்

அன்பு மகன் பாலகணேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். கத்தாரில் உனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டாள் தாயார் பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்பட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் லீவில் வந்திருக்கும் அன்சாரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், முழுசாகப் படி.

சோழபுரம் தோப்பில் நம் பங்கை வழக்கோடு சேர்த்தே புரோக்கருக்கு விற்றுவிடச் சொன்னாய். பெரியப்பா மேல் அப்பா போட்ட பாகப்பிரிவினை வழக்கு, அப்பா தவறிய பிறகும் நம் இருவர் பேரில் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கும் அலுத்துப்போயிற்று. சரி என்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வக்கீலிடம் கேட்டேன். விற்கலாம், ஆனால் நாளைக்கு வருகிற தீர்ப்பு நிலத்தை வாங்கியவரையும் கட்டுப்படுத்தும், அதனால்தான் பாதி விலைக்குக் கேட்கிறார்கள் என்றார். வெளியே வந்தால் கோர்ட்டு வாசலில் பெரியப்பா தனியாக நிற்கிறார். இத்தனை வருசமும் வாய்தாவுக்கு வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்போம். அன்றைக்கு என்ன தோன்றியதோ, நேரே போய், "ஒங்க தம்பி பங்கை விக்கப் போறோம். வெளியாளுக்குக் குடுக்கதுக்கு முன்னாடி ஒங்க காதுல போட்டுறணும்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவர், "அந்தப் புரோக்கரு ஒங்கள அரை வெலைக்கு முடிச்சிட்டு அடுத்து என்னையத்தான் முடிப்பான்மா. எனக்கும் வாங்க வசதியில்ல. செத்த பொறு, ஒரு வழி பாக்கேன்" என்றார்.

அந்த வாரமே பெரியம்மாவோடு வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பியைத் தொடமாட்டாரோ என்று பயந்தேன், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார். தளவாய்புரத்தில் நைட்டி கம்பெனி வைத்திருப்பவர், இரண்டு பங்கும் சேர்த்து ரோட்டோரத்து நிலத்தைக் கொடுத்தால், வழக்கும் முடிந்தால், ஊர் விலைக்கே எடுத்துக்கொள்கிறாராம். கிணற்றுப் பக்கத்தை நாம் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், எந்தப் பாதி வேண்டும் என்று நானே முதலில் சொல்ல வேண்டுமாம். கிணறு பொது. வக்கீல் சமரச மனு தயார் செய்கிறார். உன்னைக் கேட்காமல் தலையாட்டியதற்குத் திட்டுவதானால் திட்டிக்கொள், எனக்கு மனசு லேசாக இருக்கிறது.

நீ கையெழுத்துப் போடாமல் எதுவும் நடக்காது. எம்பசிக்குப் போய் எனக்குப் பவர் எழுதி அனுப்பு, தள்ளிப்போடாதே. வெயிலில் வேலை, தண்ணீர் நிறையக் குடி. நீ நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
பாண்டீஸ்வரி

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. நீ ஊருக்கு வந்தால் முதல் சாப்பாடு தன் வீட்டில்தான் என்று பெரியம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.